பச்சை வண்டியின் விக்கல்

தும்பைமலையில் ஓடுகிற பச்சை வண்டிக்குள் யாருக்காவது விக்கல் வந்தால் அவருக்குத் தண்ணீர் நீட்டுகிற வழக்கம் இல்லை, டிரைவர் சடையனைக் கூப்பிட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்வதுதான் வழக்கம், ஏனென்றால் அந்த வண்டியின் பிரேக்கில் கோளாறு என்றால் விளக்கு எரிவதோ மணி அடிப்பதோ கிடையாது, உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் விக்கல் எடுக்கும்.

விளக்கும் மணியும் முன்பு இருந்தவைதான். டிரைவர் இருக்கைக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டியைக் கழுவி, ஸ்டீயரிங்குக்கு ஒரு பொட்டு, கண்ணாடிக்கு ஒரு பொட்டு, கண்ணில் படும் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு பொட்டு என்று சந்தனமும் குங்குமமும் வைத்து, பழைய பொட்டை அழித்தால் ஆகாது என்று அதன் மேலேயே புதுப் பொட்டையும் வைத்து, கடைசியில் விளக்கு இருந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சந்தன மேடுதான் இருந்தது. பிரேக்குக்கான காற்றழுத்தம் குறைந்தால் கத்துகிற பஸ்ஸர் ஒன்றும் இருந்தது. பாட்டுக் கேட்க அது இடைஞ்சல் என்று பயணிகள் குறைபட்டதில் யாரோ அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது, எல்லாரும் சேர்ந்து சொன்னதால் எல்லாரும் சேர்ந்து பிடுங்கியதாகத்தான் கணக்கு. காற்றின் அளவைக் காட்டும் முள் தன் பங்குக்கு ஒரு மழைக்காலத்தில் பாதி வழியில் நின்று அங்கேயே துருப்பிடித்துப் போனது. ஓடையை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் வழி பார்க்கும் என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆகவே வண்டி சொல்ல வந்தது மனிதர்களின் தொண்டைக்குள் புகுந்துகொண்டதற்கு யாரும் காரணம் கேட்டு நேரத்தைப் போக்கவில்லை.

முதல் விக்கல் வந்தபோது நித்யகலா கல்லூரியில் முதல் வருடம். மேல்தும்பையில் மிளகுக்கொடி வைத்திருக்கும் பொன்னுரங்கத்தின் மகள் அவள், அடிவாரத்துப் பாலப்பட்டிக்குத் தினமும் பச்சை வண்டியில் இறங்கி ஏறுகிறவள், ஜன்னலோரம் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டே போகிறவள். அன்று வண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கையில், பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒருவருக்கு விக்கல் எடுத்தது. பக்கத்தில் இருந்தவர் "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார், 'யாரோ' வரைக்கும்தான் வார்த்தையாக வந்தது, மிச்சம் விக்கலாக வந்தது. பிறகு முன்வரிசைக்கு, பின்வரிசைக்கு, நின்றுகொண்டு வந்தவர்களுக்கு, தாயின் தோளில் தூங்கிய கைக்குழந்தைக்கு, கூடைக்குள் கால் கட்டிக் கிடந்த சேவலுக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில், யாரோ பின்னாலிருந்து சுண்டிவிட்டது போல எடுத்தது. சடையனுக்கு மட்டும் எடுக்கவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்தார், வண்டி முழுக்கத் தலைகள் ஒன்றாகக் குதிப்பதைக் கண்டார், தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று முடிவு கட்டி வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து திரும்பினார்.

"என்னங்கடா, என் வண்டியில உக்காந்துக்கிட்டு எனக்கே வக்கணையா?"

"இல்லீங்... க்ண்ணா," என்றார் பலாப்பழக்காரர்.

அப்போதுதான் புகை நெடி வந்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் கொல்லன் உலை மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது, பிரேக் லைனர் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருந்தது. அடிவாரத்திலிருந்து மெக்கானிக் ஜெயசீலன் வந்து புது லைனர் போட்டுக் கடைசித் திருகை முறுக்கிய நொடியில், சாலையோரம் குந்தியிருந்த அத்தனை பேருக்கும் விக்கல் நின்றது. சேவல் கூவியது. எல்லாரும் ஏறி உட்கார்ந்து பாலப்பட்டி போய்ச் சேர்ந்தார்கள், நித்யகலா ஒரு பாடவேளை தாமதமாக வகுப்புக்குப் போனாள், ஏன் தாமதம் என்று கேட்டதற்கு "பஸ்ஸு" என்றாள்.

அடுத்த முறை வந்தபோது மலை அதைப் பற்றிக் கொஞ்சம் பேசியது, அதற்கு அடுத்த முறை வந்தபோது பழகிவிட்டது. முதலில் யாருக்கு எடுக்கிறதோ அவர் வெட்கப்படாமல் "சடையண்ணே!" என்று உரக்கக் கூப்பிட வேண்டும் என்பது யாரும் போடாமலே ஒரு சட்டமாயிற்று. தொண்டையில் வரும் மெல்லிய விக்கல் என்றால் லைனர், அடிவயிற்றிலிருந்து கிளம்பி முதுகை உலுக்கும் விக்கல் என்றால் காற்றுக் குழாய், இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. ஜெயசீலன் சாமான் பையைக் கீழே வைக்கும் முன்பே "யாருக்கு மொதல்ல வந்துச்சு?" என்று கேட்பார், "மூணாவது சீட்டு, வலப்பக்கம், தேனம்மாவுக்கு" என்பார்கள், அவர் நேராக அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் புகுந்துவிடுவார், ஒருமுறை தேனம்மா தூக்கக் கலக்கத்தில் சொல்ல மறந்து அவர் இடப்பக்கத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டு வந்து, "ஏன் தேனம்மா, வண்டியே உன்னை எழுப்பிச் சொல்லுது, நீ எனக்குச் சொல்ல மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டது பல நாள் பேச்சாக இருந்தது. பரீட்சைக்குப் பயந்த பையன்கள் பொய் விக்கல் எடுத்துப் பார்த்தார்கள், ஆனால் நிஜ விக்கல் ஒருவரோடு நிற்காது, அடுத்த நொடியில் எல்லாருக்கும் எடுக்கும் என்பதால் பிடிபட்டார்கள். யாராவது நினைத்தால் விக்கல் வரும் என்பது மற்ற ஊர்களில் போலவே தும்பைமலையிலும் இருந்த நம்பிக்கைதான். அதை அவர்கள் விட்டுவிடவில்லை, கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். "வண்டி நம்மள நினைக்குது" என்றார்கள்.

வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார், சந்தனத்தைச் சுரண்டிப் புது பல்பு போடாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். போட்டார்கள். விளக்கும் ஒழுங்காகவே எரிந்தது. ஆனால் விக்கல் எடுத்துக்கொண்டிருக்கும்போது விளக்கைப் போய் யார் பார்ப்பார்கள்? அடுத்த ஆயுத பூஜையில் அதற்கு மறுபடி ஒரு பொட்டு விழுந்தது.

சடையன் மட்டும் சில மாதங்கள் மனக்குறையோடு இருந்தார். இத்தனை வருடம் ஓட்டுகிற தன்னிடம் சொல்லாமல், ஆடு பிடித்துக்கொண்டு ஏறுகிறவனிடமெல்லாம் வண்டி போய்ச் சொல்கிறதே என்ற வருத்தம். ஒருநாள் சோற்றில் கை வைத்துக்கொண்டு அதைச் சொல்லியும் விட்டார். அவர் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கும் விக்கல் எடுத்தா ஸ்டீயரிங்கை யாருங்க பிடிக்கிறது?" என்று கேட்டாள். அவர் இரண்டாம் முறையும் சோறு போடச் சொன்னார். மறுநாள் வண்டியிலிருந்த பாட்டுப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுப் பரணில் வைத்தார், அன்று முதல் பின்பக்கமாகக் காதை வைத்துக்கொண்டே ஓட்டப் பழகினார், அந்த வட்டாரத்திலேயே பாட்டில்லாத பஸ் என்று பச்சை வண்டிக்குப் பேராயிற்று.

இப்படியே நித்யகலா படித்து முடித்தாள், பாலப்பட்டியில் மிளகு விற்பனைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், எத்தனையோ முறை மற்றவர்களோடு விக்கினாள், ஆனால் "சடையண்ணே" என்று கூப்பிட வேண்டிய அவசியம் அவளுக்கு ஒருமுறைகூட வரவில்லை. முதலில் விக்கல் வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கணம் பொறுத்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளைக் கேட்டு வந்தவன் குமரகுரு. கால்நடை மருந்தகத்தில் வேலை, மலை ஆடுகளுக்குத் தடுப்பூசி போட மோட்டார் சைக்கிளில் வந்தவன், துள்ளுகிற கிடாவை ஒரு வார்த்தை பேசாமல் காதைப் பிடித்து நிறுத்திய பெண்ணைப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு முடித்த ஆடுகளுக்குக்கூட மறுபடி வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்தவன். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. எந்த அளவுக்கு என்றால், அவன் வருகிற நாட்களில் வண்டியில் விக்கல் எடுத்தால் நேரமாகிவிடுமே என்று பயப்படும் அளவுக்கு.

அவன் அம்மா ருக்மணியம்மாள் பாலப்பட்டிக்காரி. பெண் பார்க்க வந்து, காப்பி குடித்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். முகூர்த்தம் தவறக் கூடாது. அவளுடைய மூத்த மகள் கோகிலாவின் கல்யாணத்தில் ஐயர் வரத் தாமதமாகி நல்ல நேரம் தாண்டித்தான் தாலி ஏறியது; கோகிலா ஒரு வருடத்துக்குள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். "இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாது. நேரம் தவறிச்சுன்னா தாலியைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது," என்றாள். பொன்னுரங்கம் தலையாட்டினார். மகளுக்குப் பிடித்த இடம், கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொண்டார்.

கல்யாணம் பாலப்பட்டி மண்டபத்தில். தாலி ஏறும் முன் பெண் ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது என்பது மேல்தும்பை வழக்கம், ஆகவே விடியும்போது புறப்பட்டு முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. பச்சை வண்டியை வாடகைக்குப் பேசி, வாழை கட்டி, பீரோவையும் பித்தளை அண்டாக்களையும் கூரையில் ஏற்றினார்கள். பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவனுடைய சித்தப்பா தருமலிங்கமும் அக்கா கோகிலாவும் முதல் நாளே வந்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு விக்கல் சமாச்சாரம் எல்லாம் காதில் விழுந்துதான் இருந்தது. "மலைக்காட்டுல பொழுது போகணுமில்ல," என்று அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்து வைத்திருந்தார்.

வண்டி கிளம்பி, மரங்களுக்கு நடுவே இறங்கி, வனத்துறைச் சாவடியைத் தாண்டியதும் நித்யகலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலாவுக்கு முதலில் எடுத்தது. அவள் கீழ்நாட்டுக்காரி, அர்த்தம் தெரியாதவள், வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடியில் பஸ் முழுக்க ஒரே தாளத்தில் எடுத்தது.

யாரும் கூப்பிடவில்லை.

நித்யகலா தலையைக் குனிந்தபடியே காத்திருந்தாள், யாராவது கூப்பிடுவார்கள் என்று. முன்னால் அப்பா இருந்தார், எத்தனையோ முறை "சடையண்ணே" என்று கூரை அதிரக் கூப்பிட்டவர். அவர் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். தேனம்மா முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். சம்பந்தி வீட்டு மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகையில் நம் வண்டி சரியில்லை என்று சொல்வது மரியாதையா? மங்கல காரியத்துக்குப் போகும் வழியில் விபத்து, பிரேக் என்று வாயெடுப்பது அடுக்குமா? நின்றால் முகூர்த்தம் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் மற்றவருக்காக விழுங்கினார்கள். மலையில் எவரும் செய்யாத காரியத்தை அன்று செய்தார்கள். தண்ணீர் செம்பு வரிசை வரிசையாகக் கை மாறியது, சீர்த்தட்டிலிருந்த கற்கண்டை எடுத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"உப்புமாவுல எண்ணெய் ஜாஸ்தி," என்றார் தருமலிங்கம், விக்கலுக்கு நடுவே. "எல்லாருக்கும் நெஞ்சுல நிக்குது. என்னப்பா இது, கல்யாண வண்டி எழவு வண்டியாட்டம் போகுது? மேளத்தை எடுங்கப்பா!"

மேளக்காரர்கள் எடுத்தார்கள். நாயனக்காரருக்கு விக்கல் எடுத்ததால் ஒவ்வொரு அடியும் நடுவில் முறிந்தது, தவில்காரர் அந்த முறிவையெல்லாம் தவிலால் மூடினார், பெண்கள் நலங்குப் பாட்டு ஒன்றை உரக்க ஆரம்பித்தார்கள். இத்தனை வருடமாகப் பாட்டில்லாமல் ஓடிய வண்டியில் இத்தனை சந்தோஷத்தைக் கேட்ட சடையன் கண்ணாடியில் பின்னால் பார்த்து நிறைவாகச் சிரித்தார். நித்யகலா தலை நிமிர்ந்தது அப்போதுதான். கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மறுபடி எடுத்தது, இந்த முறை அடிவயிற்றிலிருந்து, ஒட்டியாணம் குலுங்க. காற்றுக் குழாய். இன்னும் சில வளைவுகளில் சாலை பாறையை விட்டு விலகி, ஒரு பக்கம் வெறும் வானமாக, செங்குத்தாக இறங்கத் தொடங்கும் என்பது தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால், மண் சரிந்து குவிந்த மேடு ஒன்று இடது கைப் பக்கம் வரும் என்பதும் தெரியும். நிறுத்தினால் குமரகுரு இல்லை. ருக்மணியம்மாள் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறவள் அல்ல. நிறுத்தாவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போய்ச் சேர்ந்துவிடலாம், எத்தனையோ வண்டிகள் எத்தனையோ குறைகளோடு போய்ச் சேருகின்றன, தாலி ஏறிய பிறகு ஜெயசீலனை வரச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி அவள் ஒரு வளைவு முழுக்க யோசித்தாள். கைக்குழந்தை ஒன்று தாயின் மடியில் விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு விக்கலுக்கும் அதற்கு வேடிக்கையாக இருந்தது.

"சடையண்ணே," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

எழுந்தாள். கோகிலா கையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டாள். பூச்சுமையோடு, பட்டுச் சேலையோடு, சீர்த்தட்டுகளைத் தாண்டி, ஒரு தேங்காயை மிதித்துச் சறுக்கி, கம்பியைப் பிடித்துச் சுதாரித்து முன்னால் போய், தவிலின் மீது மருதாணிக் கையை அகலமாக விரித்து வைத்தாள். தவில்காரர் பதறிக் குச்சியைத் தூக்கினார். மேளம் நின்றது, நாயனம் நின்றது, பாட்டு நின்றது.

"சடையண்ணே, வண்டியை நிறுத்துங்க. எல்லாருக்கும் விக்கல். அடிவயித்துல இருந்து வருது."

"மணப்பொண்ணு வாயைத் திறந்து..." என்று தருமலிங்கம் தொடங்கியபோது, அந்த அமைதியில், அதுவரை அடக்கி வைத்திருந்த அத்தனை பேரின் விக்கலும் ஒன்றாக வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. சடையனின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. ஒரு வார்த்தை கேட்காமல் கியரை இறக்கினார், இன்னும் இறக்கினார், எஞ்சின் அலற, மண்மேட்டில் வண்டியின் மூக்கை மெல்லக் கொண்டுபோய்ச் சாத்தி, பிரேக்கை மிதித்தார். நின்றது. ஆண்கள் குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள்.

ஜெயசீலன் கீழேயிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டிக்கு அடியில் புகுந்து, வெகுநேரம் கழித்து, விரிசல் விட்ட ரப்பர் குழாய் ஒன்றைக் கழற்றிய நொடியில் எல்லாருக்கும் விக்கல் நின்றது, அந்தக் குழாயோடு வெளியே வந்தார். இதற்கு மாற்று அவரிடம் இல்லை, பெரிய ஊருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்.

"மிதிச்சதும் வண்டி நின்னுச்சா இல்லையா?" என்று தருமலிங்கம் கேட்டார்.

"நின்னுச்சுங்க."

"நின்னுச்சுன்னா பிரேக் இருக்குன்னுதானே அர்த்தம்? இருக்கிற பிரேக்குக்கு எதுக்குய்யா நிறுத்தணும்?"

ஜெயசீலன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் நாலு வளைவு தாங்கியிருக்கும். நாப்பது வளைவும் தாங்கியிருக்கும். அடுத்த மிதியிலயே போயிருக்கவும் செய்யும். யாருங்க கண்டா?"

"கேட்டுக்கோங்க எல்லாரும்! அவனே சொல்றான், யாரு கண்டான்னு! யாரும் காணாததுக்குத்தான் முகூர்த்தத்தைக் கெடுத்துட்டு நிக்கிறீங்க."

கவிழ்ந்திருந்தால் காட்டலாம், கவிழாததை எப்படிக் காட்டுவது? பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கோகிலாதான் முன்னால் வந்தாள்.

"சித்தப்பா, என் கல்யாணம் முகூர்த்தம் தவறினதால கெட்டுப்போகலை. அந்த ஆளு குடிச்சான். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே நெடி அடிச்சுது. எனக்கும் தெரிஞ்சுது, உங்களுக்கும் தெரிஞ்சுது. வந்தவங்க முன்னால எப்படிச் சொல்றதுன்னு எல்லாரும் முழுங்கிட்டோம்."

"உன்னை யாரும் கேக்கல," என்றார் தருமலிங்கம். கீழே போய்க்கொண்டிருந்த பால் வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ருக்மணியம்மாளிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன சற்று நேரத்தில் முகூர்த்தமும் போனது. மற்ற எந்த நேரமும் போவது போலத்தான் போனது, காற்று அடித்தது, ஒரு மைனா பீரோவின் மேல் உட்கார்ந்து எழுந்தது.

சித்தப்பா கொண்டுபோன சேதியைக் கேட்டுக் குமரகுரு மோட்டார் சைக்கிளில் வந்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டிருந்தான், நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நித்யகலாவின் எதிரில் வந்து நின்றான்.

"நீதான் நிறுத்தச் சொன்னியாமே."

"ஆமா."

"நிறுத்தலைன்னா நிஜமாவே போயிருக்குமா?"

போயிருக்கும் என்று சொன்னால் போதும், அவன் அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சண்டை போடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் அப்பா அந்த ஒரு சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

"தெரியாது," என்றாள்.

அவன் சாலையோரச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். கீழே, வெகு கீழே, பாலப்பட்டியின் ஓட்டுக் கூரைகளும் தகரக் கூரைகளும் மின்னின.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் எல்லாமே தெரியும்," என்றான். "தெரியாதுன்னு சொல்ல ஒரு ஆளாச்சும் வேணும்." பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்து, "மாமா, இங்கிருந்து ஒத்தையடிப் பாதை ஒண்ணு இறங்கும்ல? ஆட்டுக்காரங்க வருவாங்களே, அது?" என்று கேட்டான்.

"இருக்குதுங்க மாப்பிள்ளை. ஆனா பொம்பளைங்க, சாமானம்..."

"பீரோ இருக்கட்டும். அதைத் தூக்கிட்டு யாரு ஓடப் போறா?"

அப்படித்தான் நடந்தார்கள். சீர்த்தட்டுகள் பெண்களின் தலையில் ஏறின, அண்டாக்கள் ஆண்களின் தோளில் ஏறின, வயதாகி நடக்க முடியாத தேனம்மாவை இரண்டு பேர் கை கோத்துத் தூக்கினார்கள், அவள் "மெதுவாடா, பிரேக் பிடிச்சு இறங்குடா" என்று வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தாள், தவில்காரர் தவிலை முதுகில் மாட்டிக்கொண்டார், சடையன் வண்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி, கல்லெல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டார், ஜெயசீலனும் எதற்கென்று தெரியாமல் விரிசல் விட்ட குழாயைக் கையில் பிடித்தபடி வந்தார். புதர்களுக்கு நடுவே, நெல்லி மரங்களுக்கு அடியில், வறண்ட ஓடைக்குள், ஒருவர் பின் ஒருவராக ஒரு கல்யாணம் மலையிலிருந்து இறங்கியது. கோகிலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனாள். நித்யகலாவின் கூந்தலிலிருந்து வழியெல்லாம் மல்லிகை உதிர்ந்தது, பின்னால் வந்தவர்கள் அதை மிதிக்காமல் நடந்தார்கள்.

மண்டபத்துக்கு வந்தபோது பந்தல் நிழல் சாய்ந்துவிட்டிருந்தது. வாடகை நாற்காலிகளைப் பாதி அடுக்கி வைத்திருந்தார்கள். ருக்மணியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் தருமலிங்கம். தாலி கோத்த மஞ்சள் கயிறு அவளுடைய உள்ளங்கைக்குள் சுருட்டி இருந்தது, நுனி மட்டும் விரலிடுக்கில் தெரிந்தது. அவள் மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், அப்புறம் அவர்களுக்குப் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்: முழங்கால்வரை செம்மண், கீறல் விழுந்த கைகள், நசுங்கிய ஒரு குங்குமத் தட்டு, தோளில் வாய் திறந்து தூங்குகிற குழந்தை, யாரோ இருவர் கையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, கையில் ரப்பர் குழாயோடு ஓர் ஆள். சொல்வதற்கு அவள் நிறைய வைத்திருந்தாள். ஆனால் வாசலில் நிற்கிறவள் வந்து நிற்கிறவர்களை முதலில் என்ன கேட்பாளோ அதுதான் வாயில் வந்தது.

"எல்லாரும் வந்துட்டீங்களா?"

இதற்குப் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பொன்னுரங்கம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நித்யகலா திரும்பி, கடைசியில் நின்ற சடையன்வரை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாரும் வந்துட்டோங்க," என்றாள்.

ருக்மணியம்மாள் அவர்களை மறுபடி பார்த்தாள், இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு முகமாக, கூட்டத்தின் விளிம்புவரை அவள் பார்வை போய்த் திரும்பி வந்தது. தருமலிங்கம் தொண்டையைச் செருமினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"கால் கழுவத் தண்ணி எடுத்துக் குடுங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஐயர் கிளம்பியிருந்தா கூட்டிட்டு வாங்க. இலை போடச் சொல்லுங்க, இத்தனை பேருக்கும்."